நம்பிக்கை இருக்கும்போது கணக்கு எதற்கு?

(வானொலி மறையுரை)

வாசகம்: 2 கொரிந்தியர் 8:16-22



எந்தப் பங்காக இருந்தாலும் திருவிழாக் கொடி இறங்கிய மறுவாரம் யாராவது ஒருவர் கேட்பார்: "கணக்கு எப்போது வாசிப்பீர்கள்?" உடனே நான்கு பேர் அவரை ஒரு மாதிரியாகத் திரும்பிப் பார்ப்பார்கள். "நம்ம ஆட்கள்தானே செய்தார்கள்? அவர்கள் மேல் உங்களுக்கு நம்பிக்கை இல்லையா?" என்று பதில் வரும். கேட்டவர் வாயை மூடிக்கொள்வார். அதோடு கோவிலில் அந்தப் பேச்சு நின்றுவிடும். டீக்கடையில் தொடங்கிவிடும்.

நம்பிக்கை ஒரு பக்கம், கணக்கு எதிர்ப்பக்கம் என்று யார் நமக்குச் சொல்லித் தந்தார்கள்? திருத்தூதர் பவுல் சொல்லித் தரவில்லை. எருசலேமில் வறுமையில் வாடிய இறைமக்களுக்காக அவர் பல ஊர்களில் காணிக்கை திரட்டினார். நல்ல நோக்கம், திரட்டியவரோ திருத்தூதர். ஆனாலும் அந்தப் பணத்தை அவர் தம் மடியில் கட்டிக்கொண்டு புறப்படவில்லை. தீத்துவை அனுப்புகிறார். அவரோடு, திருச்சபைகளே தேர்ந்தெடுத்த ஒரு சகோதரரை அனுப்புகிறார். பலமுறை சோதித்துப் பார்க்கப்பட்ட இன்னொரு சகோதரரையும் அனுப்புகிறார். ஆக, மூன்று பேர். காரணத்தையும் மறைக்காமல் எழுதுகிறார்: இவ்வளவு பெரிய கொடையைக் கையாள்வதில் எவரும் தங்கள்மேல் குறை சொல்லக் கூடாது, ஆண்டவர் முன்னிலையில் மட்டுமல்ல, மனிதர் முன்னிலையிலும் செம்மையானதைச் செய்ய வேண்டும்.

பவுலைச் சந்தேகித்தவர்களும் கொரிந்தில் இருந்தார்கள் என்பது அதே திருமுகத்தின் 12ஆம் அதிகாரத்தில் தெரிகிறது. ஆனால் காணிக்கை விஷயத்தில், "நான் திருத்தூதன், என்னிடமா கணக்குக் கேட்கிறீர்கள்?" என்று அவர் சொல்லவில்லை. கேட்பதற்கு முன்பே ஏற்பாடு செய்துவிட்டார்.

இந்த ஏற்பாட்டுக்கு இன்று ஆடிட்டர்கள் 'இன்டர்னல் கண்ட்ரோல்' என்று பெயர் சொல்கிறார்கள். தமிழில், உள் கட்டுப்பாடு. ஆனால் கட்டுப்பாடு என்ற சொல்லை அவர்கள் மட்டும் பயன்படுத்துவதில்லை. மருத்துவர்கள் பேசுகிறார்கள், ஆய்வுக்கூடத்தில் இருப்பவர்கள் பேசுகிறார்கள், மனநல அறிஞர்கள் பேசுகிறார்கள், நம் ஞானிகளும் பேசியிருக்கிறார்கள். ஒவ்வொருவர் வாயிலும் அதற்கு ஒவ்வொரு பொருள். இந்தப் பொருள்களை ஒன்றோடொன்று குழப்பிக்கொள்வதால்தான் நம் குடும்பங்களிலும் சங்கங்களிலும் சில நேரங்களில் கோவிலிலும் வேதனை வருகிறது. எனவே இன்று ஒவ்வொருவரிடமும் சென்று கேட்போம்.

முதலில் ஆடிட்டரிடம் போவோம். அவர் சொல்லும் முதல் விதி எளிமையானது: பணத்தைக் கையாள்பவரே கணக்கையும் எழுதக் கூடாது, எழுதுபவரே சரிபார்க்கவும் கூடாது. லண்டனில் 1762இல் தொடங்கிய பேரிங்ஸ் வங்கியை எடுத்துக்கொள்ளுங்கள். இருநூறு ஆண்டுகளுக்கு மேல் நிலைத்து நின்ற நிறுவனம். அதன் சிங்கப்பூர்க் கிளையில் நிக் லீசன் என்ற இளைஞர் சந்தையில் வாங்கி விற்கும் வேலையைப் பார்த்தார். அந்த வாங்கல் விற்றலைப் பதிவுசெய்யும் பிரிவும் அவர் பொறுப்பிலேயே இருந்தது. நட்டங்களை 88888 என்ற எண்ணுள்ள ஒரு கணக்கில் ஒளித்துவைத்தார். சிறியதாகத் தொடங்கியது பெரியதாகி, 1995 பிப்ரவரியில் வெளியே வந்தபோது நட்டம் 82 கோடி பவுண்டைத் தாண்டியிருந்தது. வங்கி விழுந்தது. ஒரு நெதர்லாந்து நிறுவனம் அதை ஒரே ஒரு பவுண்டுக்கு வாங்கிக்கொண்டது.

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. இரண்டு வேலையும் ஒரே ஆளிடம் இருப்பது ஆபத்து என்று வங்கியின் உள் தணிக்கையாளர்கள் முந்தைய ஆண்டே எழுதிக் கொடுத்திருந்தார்கள். நல்ல லாபம் கொண்டுவரும் பையன் என்ற நினைப்பில் மேலே இருந்தவர்கள் அதைச் செயல்படுத்தவில்லை. அவர்கள் அவரை நம்பினார்கள் என்று சொல்வதா, தனியே விட்டுவிட்டார்கள் என்று சொல்வதா? சகோதர சகோதரிகளே, நம்பிக்கை என்ற பெயரில் ஒரு மனிதரைப் பணத்தோடு தனியே விட்டுவிடுவது அவருக்குச் செய்யும் மரியாதை ஆகாது. சோதனை வரும் இரவில் அவருக்குத் துணையாக யாரும் இல்லாமல் செய்துவிடுகிறோம்.

இரண்டாவதாக மருத்துவரிடம் போவோம். சர்க்கரை நோய் இல்லாத குடும்பம் நம்மிடையே குறைவு. ஆகவே இது எளிதில் புரியும். சாப்பிட்டதும் இரத்தத்தில் சர்க்கரை ஏறுகிறது. கணையம் இன்சுலினைச் சுரந்து அதைக் குறைக்கிறது. சர்க்கரை அளவுக்கு மேல் இறங்கினால் அதே கணையம் குளுக்ககான் என்ற வேறொன்றைச் சுரந்து ஏற்றுகிறது. ஒன்று இறக்க, ஒன்று ஏற்ற. இறைவன் நம் உடலைப் படைத்தபோதே ஒரே கையிடம் எல்லாவற்றையும் ஒப்படைக்கவில்லை.

உடலுக்குள் இன்னொரு காவலும் உண்டு: வலி. டாக்டர் பால் பிராண்ட் என்பவரை வேலூர்ப் பக்கத்துப் பெரியவர்கள் அறிந்திருப்பார்கள். மிஷனரிப் பெற்றோருக்குக் கொல்லிமலையில் பிறந்தவர். 1946இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்து தொழுநோயாளர்களின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். தொழுநோய் வந்தால் சதை தானாகவே அழுகி விரல்கள் உதிர்ந்துவிடும் என்று அந்த நாளில் எல்லாரும் நம்பினார்கள். அவரும் அவரோடு உழைத்தவர்களும் பொறுமையாகக் கவனித்துக் கண்டது வேறு. நோய் நரம்பைத் தாக்கி உணர்ச்சியைப் பறித்துவிடுகிறது. சுடுகிற பாத்திரத்தை அந்தக் கை விடாமல் பிடித்துக்கொள்கிறது. காலில் ஏறிய முள்ளோடு அந்த மனிதர் நாள் முழுதும் நடக்கிறார். விரலை அழித்தது பெரும்பாலும் இந்தக் காயங்களே. நாம் வேண்டாம் என்று விலக்கும் வலி, உண்மையில் நம்மைக் காத்துவந்த பெரிய கட்டுப்பாடு.

பங்கில் கேள்வி கேட்கும் மனிதரும் அந்த வலியைப் போன்றவர்தாம். தொந்தரவாகத்தான் இருக்கும். அவரை வாயடைத்துவிட்டால் சுகமாகவும் இருக்கும். ஆனால் அதன் பிறகு பங்கின் கை சுடுகிற பாத்திரத்தைப் பிடித்தாலும் அதற்குத் தெரியாது.

மூன்றாவதாக ஆய்வுக்கூடத்துக்குப் போவோம். கொரோனா காலத்தில் வீட்டிலேயே பரிசோதிக்கும் ஒரு சிறு பட்டையை நம்மில் பலர் கையில் எடுத்துப் பார்த்தோம். அதில் 'சி', 'டி' என்று இரண்டு எழுத்துகள். 'டி' பக்கம் கோடு விழுந்தால் தொற்று உண்டு. அப்படியானால் 'சி' எதற்கு? அதுதான் கட்டுப்பாட்டுக் கோடு. மாதிரி சரியாக ஓடியதா, பட்டை வேலை செய்கிறதா என்று காட்டுவது அது. 'சி' பக்கம் கோடு விழவில்லை என்றால் 'டி' பக்கம் என்ன காட்டினாலும் செல்லாது. "கோடே இல்லை, அப்பாடா, நோய் இல்லை" என்று மகிழ முடியாது. பட்டையே கெட்டுப்போயிருக்கிறது.

"என் மனச்சான்று என்னைக் குற்றப்படுத்தவில்லை" என்று நாம் எத்தனை முறை சொல்கிறோம்! நல்லது. ஆனால் முதலில் 'சி' கோட்டைப் பார்ப்போம். நம் மனச்சான்று கடைசியாக எப்போது நம்மை ஒரு விஷயத்தில் தடுத்தது? ஓர் ஆண்டாக எதிலும் தடுக்கவில்லை என்றால், நாம் பாவமே செய்யவில்லை என்பது அதற்குப் பொருளாக இருக்கலாம். பட்டை வேலை செய்யவில்லை என்பதும் பொருளாக இருக்கலாம். ஒப்புரவு அருளடையாளத்துக்கு வந்து, "சொல்ல ஒன்றும் இல்லை, சாமி" என்று சொல்லும்போது இதையும் நினைத்துப் பார்ப்போம்.

நான்காவதாக மனநல அறிஞரிடம் போவோம். ஜூலியன் ராட்டர் என்ற அமெரிக்க உளவியல் அறிஞர் 1966இல் ஓர் ஆய்வு எழுதினார். தம் வாழ்வில் நடப்பது பெரும்பாலும் தம் செயலின் விளைவு என்று சிலர் நம்புகிறார்கள். விதி, அதிர்ஷ்டம், பெரிய மனிதர்கள்தாம் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறார்கள் என்று சிலர் நம்புகிறார்கள். முதல் வகையினருக்குக் கட்டுப்பாட்டின் இருப்பிடம் உள்ளே. இரண்டாம் வகையினருக்கு வெளியே என்றார். தொடக்க நூல் 3ஆம் அதிகாரத்தைத் திறந்தால் இந்த இரண்டாம் வகைப் பேச்சைத் தோட்டத்திலேயே கேட்கலாம். ஆதாம் ஏவாளைக் கைகாட்டுகிறார். ஏவாள் பாம்பைக் கைகாட்டுகிறார். நம் வீட்டுப் பேச்சும் அப்படித்தானே? "நண்பர்கள் ஊற்றிக் கொடுத்தார்கள், குடித்தேன்." "அவள் பேசினாள், கை ஓங்கினேன்."

ஆனால் இதை ஒரு கோலாகப் பிடித்து எளியவர்களை அடிக்கக் கூடாது. 2017இல் ஒக்கிப் புயலில் கடலுக்குப் போய்த் திரும்பாத மீனவர்களின் குடும்பத்திடம் சென்று, "எல்லாம் உங்கள் கையில்தான் இருக்கிறது" என்று யாராவது சொல்ல முடியுமா? நம் கையில் இல்லாதவை உலகில் நிறைய உண்டு. எது நம் கையில், எது நம் கையில் இல்லை என்று நேர்மையாகப் பிரித்துப் பார்க்கும் அறிவுதான் நமக்கு வேண்டும். புயல் நம் கையில் இல்லை. ஓங்கிய கை நம்முடையது.

கடைசியாக ஞானிகளிடம் வருவோம். தூய ஆவியாரின் கனிகள் என்று பவுல் கலாத்தியருக்கு ஒன்பதைச் சொல்கிறார். அன்பில் தொடங்குகிறது, தன்னடக்கத்தில் முடிகிறது. அங்கே அவர் எழுதிய கிரேக்கச் சொல் 'எங்கிராதேயா'. உள்ளே ஆற்றல் கொண்டிருத்தல் என்பது அதன் அடிப்படைப் பொருள். அதை அவர் கனி என்று சொல்வதைக் கவனியுங்கள். பல்லைக் கடித்துக்கொண்டு நாமே உண்டாக்குவது அன்று அது. ஆவியாரோடு ஒட்டியிருந்தால் கிளையில் காய்ப்பது.

தமிழில் அடக்கம் என்கிறோம். வள்ளுவரும் அடக்கமுடைமைக்கு ஓர் அதிகாரமே ஒதுக்கியிருக்கிறார். ஆனால் நம் பேச்சு வழக்கில் அதே சொல்லுக்கு இன்னொரு பொருளும் உண்டு. இறந்தவரை அடக்கம் செய்கிறோம். பலர் தன்னடக்கம் என்று நினைப்பது இந்த இரண்டாவதைத்தான்! கோபத்தை அடக்கம் செய்கிறார்கள். கடனை மனைவிக்குத் தெரியாமல் அடக்கம் செய்கிறார்கள். சங்கத்தின் பற்றாக்குறையை ஏட்டுக்குள் அடக்கம் செய்கிறார்கள். புதைத்தது என்றாவது நாறும். அடக்கமுள்ளவர் எதையும் புதைப்பதில்லை, வெளிச்சத்துக்குக் கொண்டுவருகிறார்.

புனித இஞ்ஞாசியார் இதற்கு ஒரு வழி சொன்னார். ஒரு குறிப்பிட்ட குறையை எடுத்துக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு நாளுக்கும் கோடு போட்டு, அந்தக் குறையில் விழுந்த ஒவ்வொரு முறைக்கும் ஒரு புள்ளி வைக்க வேண்டும். நண்பகலில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை. பிறகு நாளோடு நாளை, வாரத்தோடு வாரத்தை ஒப்பிட வேண்டும். பார்த்தால் கடைக்காரரின் கணக்கேடு போலத்தான் இருக்கிறது. இவ்வளவு பெரிய புனிதர் தம் ஆன்மாவுக்குக் கணக்கேடு வைப்பதைத் தாழ்வாக நினைக்கவில்லை.

சகோதர சகோதரிகளே, இப்போது எல்லாவற்றையும் சேர்த்துப் பார்ப்போம். ஆடிட்டர் சொல்லும் கட்டுப்பாடு மனிதர்களுக்கு நடுவே இருக்கிறது. ஞானி சொல்லும் கட்டுப்பாடு மனிதருக்குள் இருக்கிறது. ஒன்று இருந்தால் மற்றது தேவையில்லை என்று நினைப்பதே நம் தவறு.

"அவர் செபிக்கிற மனிதர், தினமும் பூசைக்கு வருகிறவர், அவரிடம் கணக்கு எதற்கு?" என்கிறோம். உள்ளே இருக்கும் பக்தியைக் காட்டி வெளியே இருக்க வேண்டிய ஒழுங்கை விட்டுவிடுகிறோம். பன்னிருவரின் பணப்பை யாரிடம் இருந்தது என்று யோவான் நற்செய்தியாளர் எழுதுகிறார். அதிலிருந்து யூதாசு எடுத்துவந்ததையும் எழுதுகிறார். ஆனால் இறுதி இரவு உணவின்போது யூதாசு எழுந்து வெளியே போனபோதுகூட, விழாவுக்குத் தேவையானதை வாங்கவோ ஏழைகளுக்குக் கொடுக்கவோ போகிறார் என்றுதான் மற்றவர்களில் சிலர் நினைத்தார்கள். உடனிருந்தவர்களுக்கே தெரியவில்லை. பின்னாளில் எருசலேம் திருச்சபையில் கைம்பெண்களுக்கான பங்கீட்டில் முறையீடு எழுந்தபோது, திருத்தூதர்கள் அதைச் சந்தேகம் என்று ஒதுக்கவில்லை. நற்சான்று பெற்ற ஏழு பேரைத் தேர்ந்தெடுக்கச் சொல்லி அந்தப் பொறுப்பை அவர்களிடம் ஒப்படைத்தார்கள்.

இனி மறுபக்கம். ஒழுங்கு எல்லாம் ஏட்டில் சரியாக இருந்து உள்ளே உண்மை இல்லாவிட்டால் என்ன ஆகும்? 2009 ஜனவரி 7 அன்று ஐதராபாத்தில் சத்யம் கம்ப்யூட்டர் நிறுவனத்தின் தலைவர் ஒரு கடிதம் எழுதினார். கணக்கில் காட்டிய பணத்தில் 5,000 கோடி ரூபாய்க்கு மேல் இல்லவே இல்லை என்று ஒப்புக்கொண்டார். அந்த நிறுவனத்தில் இயக்குநர் குழு இருந்தது. வெளித் தணிக்கை இருந்தது. சிறந்த நிறுவன ஆளுகைக்காக முந்தைய ஆண்டு அதற்கு ஒரு விருதும் கிடைத்திருந்தது. பெயரோ சத்யம்! சிறிய இடைவெளியாகத் தொடங்கியது, புலிமேல் ஏறியவன் இறங்க முடியாத நிலையில் கொண்டுபோய் விட்டது என்ற பொருளில் அவரே எழுதினார். 50,000 பேருக்கு மேல் வேலை செய்த இடம் அது. ஒரு மனிதர் முதல் நாளே வாய்திறந்திருந்தால் அத்தனை குடும்பங்கள் அன்று கலங்கி நின்றிருக்க வேண்டியதில்லை.

பேரிங்ஸில் நடுவே இருக்க வேண்டிய கட்டுப்பாடு இல்லை. சத்யத்தில் உள்ளே இருக்க வேண்டிய கட்டுப்பாடு இல்லை. இரண்டு இடத்திலும் நடந்தது ஒன்றே: உண்மை போய்ச் சேர வேண்டிய இடத்துக்குப் போகும் வழி அடைபட்டது. கணையமும் வலியும் 'சி' கோடும் இஞ்ஞாசியாரின் புள்ளிகளும் செய்வது அந்த வழியைத் திறந்து வைப்பதைத்தான். கட்டுப்பாடு என்றால் நம்மை இறுக்கும் கயிறு என்று நினைக்க வேண்டாம். நம்மைப் பற்றிய உண்மை நம்மிடம் நேரத்தோடு வந்து சேரும் வழி அது.

இனி, இந்த வாரம் என்ன செய்யப் போகிறோம்?

பங்கில்: 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தொகுப்பு ஒவ்வொரு பங்கிலும் நிதிக்குழு இருக்க வேண்டும் என்கிறது (537). வரவு செலவு ஏடுகளை ஒழுங்காக எழுதி வைக்கச் சொல்கிறது (1284). இறைமக்கள் கொடுத்த காணிக்கைக்கு இறைமக்களுக்கே கணக்குச் சொல்ல வேண்டும் என்கிறது (1287). இது பங்குத்தந்தையர் தலையில் முதலில் விழும் கடமை. உண்டியலை ஒருவர் மட்டும் திறக்க வேண்டாம். இரண்டு மூன்று பேர் உட்கார்ந்து எண்ணி, அங்கேயே எழுதிக் கையெழுத்துப் போடுவோம். திருவிழாக் கணக்குக்கு ஒரு நாள் குறித்து, அன்றே வாசிப்போம். கேட்டவரை முறைக்காமல் நன்றி சொல்வோம்.

அன்பியத்திலும் மகளிர் குழுவிலும்: பணம் வைத்திருக்கும் சகோதரிக்கு இன்னொருவர் துணை இருக்கட்டும். ஒருவேளை இப்போதே ஒரு தொகை குறைந்திருந்தால், அதைச் சுமந்துகொண்டு தூங்காமல் இருக்கும் சகோதரியே, சகோதரரே, இந்த வாரமே ஒருவரிடம் சொல்லுங்கள். தொகை சிறியதாக இருக்கும்போது சொல்வது எளிது. சொல்ல வருபவரிடம் மற்றவர்களாகிய நாமும் கல்லோடு நிற்க வேண்டாம். உண்மை சொன்னவர் அவமானப்படும் பங்கில் அடுத்தவர் உண்மை சொல்ல மாட்டார்.

வீட்டில்: கணவனும் மனைவியும் மாதத்தில் ஒருநாள் கடன், சம்பளம், நகைச்சீட்டு எல்லாவற்றையும் மேசைமேல் வைத்துப் பேசுங்கள்.

உள்ளத்தில்: இரவு படுக்குமுன் ஐந்து நிமிடம். இன்று மனச்சான்று எங்கே தடுத்தது? நாம் கேட்டோமா? யாரிடம் சொல்ல வேண்டியதைப் புதைத்துவிட்டோம்?

மந்தையைக் காக்கும் ஆண்டவரே, எங்களைத் தனியே விடாதேயும். நாங்களும் ஒருவரையொருவர் தனியே விடாதிருக்கச் செய்யும். கேள்வியைத் தாங்கும் தாழ்ச்சியையும், அன்போடு கேட்கும் துணிவையும் எங்களுக்குத் தாரும். உம் ஆவியாரின் கனியாகிய தன்னடக்கம் எங்கள் உள்ளத்திலும் எங்கள் நடுவிலும் காய்ப்பதாக. ஆமென்.